வின்னிபேகோ ஏரியில் ஸ்டர்ஜன் மீனை ஈட்டியால் குத்துகிறார்களே, அந்த இனம் அழிந்துவிடாதா?

கேள்வி இதுதான்: உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, இருட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, ஆள் உயர மீனை ஈட்டியால் குத்தித் தூக்கும் காணொளியைப் பார்த்தேன், நூறு வயதுகூட வாழும் மீனாமே, இதற்கு எப்படி அனுமதி தருகிறார்கள், இப்படியே போனால் ஒன்றுகூட மிஞ்சாதே?

மிஞ்சியிருக்கிறது. வட அமெரிக்காவில் ஏரி ஸ்டர்ஜன் இன்றும் செழிப்பாக வாழும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவற்றில் முன்வரிசையில் நிற்பது இந்த ஈட்டி வேட்டை நடக்கும் விஸ்கான்சின் மாநிலத்து வின்னிபேகோ ஏரிதான். கேட்டதும் முரணாகத் தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அதனால் அந்த மீன் எப்படிப்பட்டது, எப்படிப் பிடிக்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று முழுதாகவே சொல்லிவிடுகிறேன். கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

முதலில் ஏரி. ஏறத்தாழ 30 மைல் நீளம், 10 மைல் அகலம், பரப்பு 550 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் ஆழம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, மிக ஆழமான இடமே 21 அடிதான். இந்த ஆழமின்மைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தண்ணீர் தெளிந்திருந்தால் பனிக்கட்டிக்கு மேலே உட்கார்ந்தபடியே ஏரியின் தரையைப் பார்த்துவிடலாம், கண்ணுக்குத் தெரியும் மீனைத்தான் ஈட்டியால் குத்த முடியும்.

ஸ்டர்ஜன் மிகப் பழைய இனம், டைனோசர்கள் திரிந்த காலத்திலிருந்தே இருக்கிறது. உடலில் செதில் கிடையாது, முதுகிலும் பக்கவாட்டிலும் வரிசையாக எலும்புத் தகடுகள், சுறாவைப் போல மேல்பக்கம் நீண்ட வால், எலும்புக்கூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு. வாய் தலைக்கு அடியில் இருக்கும், பல் கிடையாது, அதற்கு முன்னால் நான்கு மீசைகள் தொங்கும். அந்த மீசையால் சேற்றைத் தடவிக்கொண்டே போய், புழு கிடைத்த இடத்தில் வாயைக் குழாய் மாதிரி நீட்டி உறிஞ்சிக்கொள்ளும். வின்னிபேகோ சேற்றில் ஏரி ஈயின் சிவப்புப் புழுக்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. ஷாட் என்ற சிறு மீன்கள் பெருகி, குளிரில் செத்து அடியில் விழும் ஆண்டுகளில் ஸ்டர்ஜன்கள் அதையும் தின்று நன்றாகக் கொழுத்துவிடும்.

இந்த ஏரியில் ஈட்டிக்குச் சிக்கியவற்றில் பெரியது 2010இல் கிடைத்தது: 212.2 பவுண்டு, அதாவது 96 கிலோ, நீளம் ஏழு அடி. அதைவிடப் பெரிதும் உண்டு. 2012 வசந்தத்தில் முட்டையிட ஆற்றில் ஏறிய ஒரு பெண் மீனை ஆய்வாளர்கள் வலையில் பிடித்து அளந்தார்கள், 87.5 அங்குலம், எடை சுமார் 240 பவுண்டு, வயது 125 இருக்கலாம் என்று கணித்தார்கள். அளந்து முடித்து அடையாளம் பொருத்தித் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, எப்படிப் பிடிக்கிறார்கள்? பிப்ரவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை பருவம் தொடங்கும், அதிகபட்சம் 16 நாள். நாளுக்குக் காலை 7 மணி முதல் பகல் 1 மணி வரை மட்டும். அதற்கு முந்தைய நாளே நீண்ட வாள் கொண்ட சங்கிலி ரம்பத்தால் பனிக்கட்டியில் கட்டில் அளவுக்கு ஓட்டை அறுத்துவிடுவார்கள். அறுத்த பாளம் மிகக் கனமாக இருக்கும், தூக்க முடியாது, கம்பால் அழுத்தி பனிக்கட்டிக்கு அடியிலேயே ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். பிறகு சறுக்குக் கட்டைகள் பொருத்திய கொட்டகையை இழுத்து வந்து ஓட்டைக்கு மேலே நிறுத்துவார்கள். கொட்டகைக்குச் சன்னல் இருந்தால் அதையும் மூடிவிடுவார்கள், உள்சுவர் பெரும்பாலும் கறுப்பு. கதவைச் சாத்தியதும் உள்ளே கும்மிருட்டு, ஆனால் காலடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் பச்சையாக ஒளிரும். வெளியே விழும் வெயில் பனியையும் பனிக்கட்டியையும் ஊடுருவித் தண்ணீருக்குள் இறங்குகிறது, உள்ளே வெளிச்சம் இல்லாததால் நீரின் மேற்பரப்பில் எதுவும் பிரதிபலிக்காது, அதனால் அடிமட்டம் வரைக்கும் பார்வை போகிறது. ஓஜிப்வே போன்ற பூர்வகுடி மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த முறையைக் கண்டிருந்தார்கள். பனிக்கட்டியின் மேல் குப்புறப் படுத்து, தோலையோ போர்வையையோ தலைக்கு மேல் இழுத்து இருட்டாக்கிக்கொண்டு, மரத்தில் செதுக்கிய பொய்மீனை நூலில் ஆட்டிக் காத்திருப்பார்கள். விஸ்கான்சின் வடக்கிலுள்ள லாக் டு ஃபிளாம்போ பகுதிச் செதுக்குக் கலைஞர்களின் பழைய பொய்மீன்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

வின்னிபேகோவிலும் பொய்மீன் தொங்கவிடுகிறார்கள். மரத்தில் செய்து பளிச்சென்று சாயம் பூசியது, அடியில் ஈயம் வைத்துக் கனமாக்கியது. ஸ்டர்ஜன் அதைத் தின்ன வருவதில்லை. என்னவென்று பார்க்கத்தான் வருகிறது என்று பழகியவர்கள் சொல்வார்கள். தரையில் உருளைக்கிழங்குத் தோல், சோளம், முட்டை ஓடு, வெள்ளைக் குழாய் என்று வெளிறிய பொருளைப் பரப்பி வைப்பார்கள், கரிய முதுகுள்ள மீன் அதன் மேல் நகர்ந்தால் சட்டென்று தெரியும். குழாயை அளந்து வெட்டிப் போட்டால் அதுவே அளவுகோலாகவும் ஆகிவிடும். 36 அங்குலத்துக்குக் குறைந்த மீனைக் குத்தக் கூடாது, ஈட்டி எறிந்த பிறகு அளந்து பார்த்து என்ன பயன்?

ஈட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதை வேகமாக வீசுவதாக நினைக்கிறார்கள். அது கனமான இரும்புப் பொருள், முனையில் வரிசையாக முட்கள், ஒவ்வொரு முள்ளிலும் பின்னோக்கி வளைந்த எதிர்முள். ஓட்டையின் ஓரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். மீன் நேர் கீழே வந்ததும் ஓசையில்லாமல் எடுத்து, தலைக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்து, கிட்டத்தட்ட அதன் எடைக்கே விட்டுவிடுவதுதான் முறை. நேர் கீழே வரும் வரை பொறுக்காமல் சாய்வாக எறிந்தால் தவறிவிடும், தண்ணீருக்குள் ஒளி வளைவதால் மீன் இருக்கும் இடம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் இடம் வேறொன்று. குத்து விழுந்ததும் ஈட்டித்தலை கம்பிலிருந்து கழன்று கயிற்றோடு மீனுடன் போய்விடும். கம்பு நீளமாக ஒட்டிக்கொண்டிருந்தால் மீன் அதை நெம்பிப் பிடுங்கிவிடும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதன் பிறகு கயிற்றை விட்டுக்கொடுத்து இழுத்து, களைத்ததும் கொக்கியால் மாட்டி மேலே ஏற்றுவார்கள்.

இதில் முக்கால்வாசி நேரம் வெறும் காத்திருப்புதான். வேட்டைக்காரர்கள் மத்தியில் ஒரு மீனையும் காணாமல் பத்து ஆண்டு கடத்தியவர் உண்டு, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். ஆண்டுக்கு 12, 13 ஆயிரம் பேர் உரிமம் வாங்குகிறார்கள், தண்ணீர் கலங்கிய ஆண்டுகளில் சில நூறு மீன்தான் சிக்கும், தெளிந்த ஆண்டுகளில் ஆயிரத்தைத் தாண்டும். அதாவது நல்ல ஆண்டிலேயே பத்துப் பேருக்கு ஒருவர் மீனோடு வீடு திரும்பினால் அதிகம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

இந்த மீனின் பலவீனம் அதன் மெதுவான வாழ்க்கை. ஆண் மீன் பருவமடையச் சுமார் 15 ஆண்டு, பெண் மீன் முதன்முதலாகச் சினை பிடிக்க 20 முதல் 25 ஆண்டு, சிலவற்றுக்கு அதற்கும் மேலே. அப்புறமும் ஆண்டுதோறும் முட்டையிடாது, மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான். மேலும் மிகப் பெரிய மீன்கள் எல்லாம் அநேகமாகப் பெண்கள். ஈட்டியோடு உட்கார்ந்திருக்கும் யாருக்கும் பெரிய மீன் மேல்தான் கண், ஆகவே எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விட்டால் அழுத்தம் முழுவதும் போய் விழுவது எது போனால் ஈடுகட்ட முடியாதோ அந்தத் தாய் மீன்கள் மேல்தான்.

இது நடந்தும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பேரேரிகளில் மீன்பிடித்தவர்கள் ஸ்டர்ஜனை வலை கிழிக்கும் சனியன் என்று கொன்று கரையில் விறகு போலக் குவித்தார்கள், நீராவிக் கப்பல் அடுப்பில்கூட எரித்தார்கள். பிறகு சினைக்கும் புகைபோட்ட இறைச்சிக்கும் விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும் துரத்தித் துரத்திப் பிடித்து, 1900 வாக்கில் ஏறத்தாழத் துடைத்தெடுத்துவிட்டார்கள். ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகள் முட்டையிடும் இடங்களையும் அடைத்துவிட்டன. விஸ்கான்சின் 1915இல் ஸ்டர்ஜன் பிடிப்பதையே தடை செய்தது, வின்னிபேகோவில் ஈட்டிப் பருவம் 1932இல்தான் திரும்ப வந்தது.

இன்று அங்கே நடப்பது இப்படி. ஏரியின் வயது வந்த மீன்களில் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அடிப்படைக் கணக்கு. அதை அப்படியே மொத்த எண்ணாக அறிவித்தால் போதாது, மேலே சொன்ன காரணத்தால் பெண் மீன்களே அதில் பெரும்பங்காகிவிடலாம். அதனால் மூன்று தனித்தனி உச்சவரம்பு வைக்கிறார்கள்: பருவமடையாத பெண், பருவமடைந்த பெண், ஆண். எந்த ஒரு வரம்பு 90 சதவீதத்தைத் தொட்டாலும் மறுநாள் பகல் 1 மணியோடு பருவம் முடிந்தது. 100 சதவீதம் தொட்டால் அன்றைக்கே முடிந்தது. மற்ற இரண்டு வரம்பும் பாதிகூட நிரம்பவில்லை என்றாலும் கணக்கில்லை.

இந்த விதி வேலை செய்வதற்குக் காரணம் பதிவு நிலையங்கள். ஒருவருக்கு ஒரு மீன்தான். பிடித்ததும் உரிமத்தோடு தந்த அட்டையை அதில் கட்டி, அன்று பகல் 2 மணிக்குள் கரையிலுள்ள பதிவு நிலையத்துக்கு மீனை நேரில் கொண்டுவந்து காட்டியாக வேண்டும். அங்கே இயற்கை வளத்துறையினர் நீளம், எடை, ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் குறிக்கிறார்கள். அன்று மாலையே எத்தனை தாய் மீன் போயிற்று என்று துறைக்குத் தெரிந்துவிடும். வாரம் கழித்துத் தெரிந்தால் எந்தப் பயனும் இல்லை. எத்தனையோ நாடுகளில் மீன்பிடித் தடைச் சட்டங்கள் காகிதத்தில் அழகாக இருந்தும் தோற்பதற்கு இந்த ஒன்று இல்லாததே காரணம் என்பது என் கருத்து, யார் என்ன பிடித்தார் என்று பிடித்த அன்றே தெரிந்தால்தான் நிறுத்த முடியும்.

ஏரியில் மொத்தம் எத்தனை மீன் என்று தெரியாமல் 5 சதவீதம் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். அதற்கும் இதே ஈட்டிக்காரர்கள்தான் உதவுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் தண்ணீர் 12, 13 டிகிரி செல்சியஸ் வந்ததும் ஸ்டர்ஜன்கள் முட்டையிட, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் உல்ஃப் ஆற்றில் ஏறும், கரையோரப் பாறைகளில் முதுகு வெளியே தெரிய நெளியும். அப்போது துறையினர் கைவலையில் பிடித்து, அளந்து, அடையாளம் பொருத்தி விட்டுவிடுவார்கள். அடுத்த பிப்ரவரியில் பதிவுக்கு வரும் மீன்களில் எத்தனையில் அடையாளம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். உதாரணத்துக்கு, 1,000 மீனில் அடையாளம் வைத்து, குளிர்காலத்தில் வந்த 500 மீனில் 25இல் அது இருந்தால், இருபதில் ஒரு மீனுக்கு அடையாளம், ஆக மொத்தம் சுமார் 20,000. (இந்த எண்கள் கணக்கை விளக்க நான் போட்டவை.) கொல்லப்படும் ஒவ்வொரு மீனும் உயிரோடிருக்கும் மீன்களை எண்ண உதவுகிறது, வேட்டையை முழுக்க நிறுத்திவிட்டால் இவ்வளவு பெரிய மாதிரி வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

உரிமம் விஷயத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிப்ரவரி வேட்டைக்கு அக்டோபர் 31க்குள் வாங்கிவிட வேண்டும். சனவரியில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்ற செய்தி பரவியதும் ஊரே ஓடிவந்து வாங்க முடியாது. வின்னிபேகோவுக்கு மேலே இருக்கும் பட் தெ மோர், வினிகோனி, பாய்கன் ஏரிகள் இன்னும் ஆழம் குறைந்தவை, முட்டையிடப் போகும் மீன்கள் அங்கே கூடி நிற்கும், குத்துவது எளிது. ஆகவே அங்கே 2007 முதல் குலுக்கல் முறை, 500 பேருக்கு மட்டும் அனுமதி. மிச்சிகன் மாநிலத்தின் பிளாக் ஏரியில் நிலைமை இன்னும் இறுக்கம்: ஸ்டர்ஜன் கொஞ்சம்தான், அந்த ஏரி முழுவதுக்கும் ஒற்றை இலக்கத்தில்தான் வரம்பு, சில ஆண்டுகளில் பருவம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துபோனது.

காகிதத்தில் எழுதிய விதியோடு இது நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1977இல் பில் காஸ்பர் என்ற ஈட்டிக்காரர் மற்ற ஈட்டிக்காரர்களைச் சேர்த்து 'ஸ்டர்ஜன் ஃபார் டுமாரோ' என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்றுவரை ஆய்வுக்கும் முட்டையிடும் இடங்களைச் சீர்செய்யவும் இவர்கள் பணம் திரட்டித் தருகிறார்கள். ஆற்றங்கரை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கற்கள்மீது ஸ்டர்ஜன் முட்டையிடுகிறது என்று கண்டதும், அதேபோல் பல இடங்களில் கல் கொட்டிப் புதிய இடங்களை உருவாக்கினார்கள். வசந்தத்தில் மீன்கள் கைக்கெட்டும் தூரத்தில் முட்டையிடும்போதுதான் திருட்டு மிக எளிது, ஒரு தாய் மீனின் சினைக்குக் கள்ளச்சந்தையில் கொழுத்த பணம் கிடைக்கும். அந்த வாரங்களில் தன்னார்வலர்கள் முறைவைத்து இரவும் பகலும் ஆற்றங்கரையில் காவல் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பிப்ரவரியில் ஈட்டியோடு உட்கார்ந்தவர்கள். இறைச்சியையும் சினையையும் வீட்டில் சாப்பிடலாம், பகிர்ந்து கொடுக்கலாம், விற்கக் கூடாது. இந்த ஒரு தடை போனால் மற்ற எல்லாம் சேர்ந்தும் அந்த மீனைக் காப்பாற்றாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த மீனோடு நெடுங்காலம் வாழ்ந்த மெனாமினி என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் பங்கை இழந்தார்கள். குளிர்காலப் பஞ்சத்தின் முடிவில் உல்ஃப் ஆற்றில் கெஷீனா அருவி வரைக்கும் ஏறிவரும் ஸ்டர்ஜன்தான் அவர்களுக்கு உணவு, அதற்காக விழாவும் உண்டு. அருவிக்குக் கீழே ஷாவானோவில் அணை வந்ததும் மீன் அதற்கு மேலே போகவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1990களில்தான் துறை அவர்களின் வசந்த விழாவுக்கு மீன் கொடுக்கத் தொடங்கியது, பிறகு உயிருள்ள மீன்களை அணைக்கு மேலே கொண்டுபோய் விடவும் ஆரம்பித்தார்கள். நல்லதுதான், ஆனால் மிகத் தாமதம்.

இப்போது எனக்குக் கவலை தருவது ஈட்டியைவிட வெப்பம். 2024 பிப்ரவரியில் குளிர் போதாமல் பனிக்கட்டி மிக மோசமாக இருந்தது, பலர் ஏரிக்குள் இறங்கவே இல்லை. நடந்து போக நல்ல தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலமாவது வேண்டும், சரக்கு வண்டி ஓட்ட ஓர் அடிக்கு மேல் வேண்டும், வெளுத்த பனிக்கட்டியின் பலம் அதில் பாதிதான். உள்ளூர் மீன்பிடிச் சங்கங்கள் ஏரி மேல் பாதை போட்டு, பழைய கிறிஸ்துமஸ் மரங்களை நட்டு அடையாளம் காட்டி, விரிசல்களுக்கு மேல் சிறு பாலமும் வைக்கின்றன. அந்தப் பாதையை விட்டு விலகாதீர்கள். வண்டியில் போனால் இருக்கை வார் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போவதுதான் அங்கே வழக்கம். கொட்டகைக்குள் எரிவாயு அடுப்பு வைப்பவர்கள் காற்று போக வழி விடாமல் கார்பன் மோனாக்சைடில் மயங்கிப்போகும் ஆபத்தும் இருக்கிறது.

நூறு வயது உயிரைக் கொல்வது நியாயமா என்ற பகுதிக்கு என்னால் எல்லாருக்கும் பொருந்தும் பதில் சொல்ல முடியாது. கொல்லவே கூடாது என்பவரை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த மீன் மறைந்துபோன எத்தனையோ ஆறுகளில் அதற்காகக் குரல் கொடுக்க யாரும் இருக்கவில்லை. இங்கே பல ஆயிரம் குடும்பங்களுக்கு அது வேண்டும், அதற்காகக் காசும் இரவுத் தூக்கமும் கொடுக்கிறார்கள்.

நேரில் பார்க்க நினைத்தால் உரிமம் தேவையில்லை. பிப்ரவரியில் பருவம் தொடங்கும் சனிக்கிழமை ஸ்டாக்பிரிட்ஜ், ஆஷ்காஷ், ஃபாண்டுலாக் பக்கத்துப் பதிவு நிலையம் ஏதாவது ஒன்றில் முற்பகலில் போய் நில்லுங்கள், மீன் வரிசையாக வரும், கேட்டால் அளப்பவர்களே விளக்குவார்கள். உயிரோடுதான் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசியில் ஷாவானோ அணைக்கோ ஷயோக்டன் ஆற்றங்கரைக்கோ போங்கள். எந்த நாளில் ஏறும் என்பதைத் தண்ணீரின் சூடுதான் தீர்மானிக்கும், புறப்படும் முன் இயற்கை வளத்துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.